கயிற்றின் இந்த முனையில்

எங்கள் கல்லூரியில் இப்போது நாடகம் சொல்லிக்கொடுப்பவர் நர்மதா மேடம். மதுரைப் பக்கத்துக்காரர். போன மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மாணவர்கள் நடிக்கும்போது காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுகிறார்களாம். வசனம் மறந்தால், மேடைக்குப் பின்னால் இருக்கிறவன் செல்போனில் சொன்னால் போதும். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது.

"கருவி நல்லா வேலை செய்யுது அண்ணாச்சி. எப்ப சொல்லணும்னுதான் பிள்ளைகளுக்குத் தெரியல. நடிக்கிறவன் சும்மா கொஞ்சம் நிறுத்தினாலே மறந்துட்டான்னு நினைச்சு இவன் சொல்லிடறான். காட்சியே கெட்டுப்போகுது. நீங்க இத்தனை வருஷம் இதைப் பார்த்திருக்கீங்க. ஒருத்தர் மறந்துட்டார்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கல்லூரி மலருக்கு எழுதிக் குடுங்களேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான், அந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது என்பது உறைத்தது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பதிலை மேடம் எடுத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் சுயம்பு. உடன்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். கலையரங்கத்துச் சாவி என்னிடம் இருந்தது. கதவு திறப்பது, மின்விசிறி போடுவது, மேடைத் திரையை இழுப்பது, விழா முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவது எல்லாம் என் வேலை. மூட்டுவலியால் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை என்று எந்த உத்தரவிலும் கிடையாது. அது கஸ்பார் சார் எனக்குக் கொடுத்தது.

கஸ்பார் சார் தமிழ்ப் பேராசிரியர். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் பிறந்தவர். அவருடைய அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். சார் சின்ன வயதில் மாதா கோயில் திருவிழா நாடகங்களில் நடித்திருக்கிறார். பிறகு வெளியூரில் நாடகம் படித்து, அங்கேயே சில காலம் நடித்துவிட்டு, ஊர் திரும்பி எங்கள் கல்லூரிக்கு வந்தார். இலக்கண வகுப்பும் எடுப்பார். ஆனால் அவருக்கு உயிர் கலையரங்கத்தில்தான் இருந்தது.

நாடகப் பாடத்தின் முதல் வகுப்பில் அவர் யாரையும் நடிக்கச் சொல்ல மாட்டார். பழைய பேருந்து நிலையத்துக்குப் போய், நிற்கிற ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வந்து, அப்படியே நிற்கச் சொல்வார். ஒருவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றது நினைவிருக்கிறது.

"இவன் யாருலே?"

"பஸ்ஸுக்கு நிக்காரு சார்."

"எந்த ஊரு பஸ்ஸுக்கு?"

பையன் விழித்தான்.

"திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நிக்கவனும் கயத்தாறு பஸ்ஸுக்கு நிக்கவனும் ஒண்ணு போலவா நிப்பான்? போ, திரும்பப் பாத்துட்டு வா."

அவன் திரும்பிப் போனான். வெயிலில் போய்விட்டு வந்து, இந்த முறை வேறு மாதிரி நின்றான். சார் திருப்பி அனுப்பவில்லை. நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. ஒத்திகையின்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் ஒரு மக்ரூன் இனிப்புப் பொட்டலம் இருக்கும். காட்சி பிடித்திருந்தால் நூலை அவிழ்த்து ஒன்றை எடுத்து வாயில் போடுவார். பிடிக்காவிட்டால் பொட்டலம் கட்டினபடியே இருக்கும். மேடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் வசனம் பேசிக்கொண்டே ஒரு கண்ணால் அந்தப் பொட்டலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை பசியில் ஒரு மக்ரூனை எடுத்துவிட்டார். ஒரு மாணவி அழுகிற காட்சியின் நடுவில் சிரித்துவிட்டாள்.

நான் உள்ளே வந்தது தற்செயல். வசனம் பார்த்துச் சொல்கிற மாணவன் ஒருநாள் வரவில்லை. விளக்கைப் போட வந்த என்னிடம் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார் சார். எனக்கு நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நிற்கிற நடிகனுக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தேன். கடைசி வரிசையிலிருந்து சார் எழுந்து வந்தார். சத்தமாக வாசிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அங்கன எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றார். "இதுதான் வேணும். நாளையிலருந்து நீ வா."

அதற்குப் பிறகு அந்த வேலைக்கான முறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கிசுகிசுக்கக் கூடாது. கிசுகிசுத்தால் காற்றுச் சத்தம் மூன்றாவது வரிசைவரை போகும். நெஞ்சிலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னால் நடிகனோடு நின்றுவிடும். வரியின் முதல் சொல்லைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி நிற்பான். வரியில் எது கனமான சொல்லோ அதைக் கொடு, மற்றவை தானாக ஒட்டிக்கொள்ளும். கண் நடிகன்மேல் இருக்கட்டும், விரல் மட்டும் பிரதியில் போகட்டும். வேண்டுமென்று நிறுத்துகிறவனின் கண்ணுக்குப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். மறந்தவனின் கண் தேடும். மறந்தவன் குதிகாலை அழுத்தி ஊன்றுவான்.

இதையெல்லாம் மேடத்துக்கு எழுதி அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் விளங்காமல் போன நேரம் ஒன்று உண்டு.

அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சார் தானே நடிக்கும் நாடகங்களில் எனக்கும் அவருக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. காது மடலைத் தொட்டால் சொல் கொடுக்க வேண்டும். தொடாவிட்டால் கொடுக்கக் கூடாது. ஒரு நாடகத்தில் அவர் துறைமுகக் கூலி. மகன் வேலைக்குப் போன கப்பலைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அதைக் கேட்டுவிட்டு நிற்கிறார். ஒத்திகையில் நின்றதைவிட அன்றைக்கு நெடுநேரம் நின்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் காதைத் தொடவில்லை. நான் கொடுத்துவிட்டேன். பதற்றத்தில் குரல் சற்று மேலே போய், முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்றார்.

"அந்த நிமிசத்துக்காகத்தான் சுயம்பு ஒரு மாசம் ஒத்திகை பாத்தேன். மத்ததெல்லாம் அதுக்கு வழி. இனிமே நான் கேக்காம குடுக்காத. நான் அங்கனயே செத்து விழுந்தாலும் குடுக்காத."

சரி சார் என்றேன்.

அவர் எழுதி, அடிக்கடி போட்ட நாடகம் ஒன்று உண்டு. குளியாள் நாடகம் என்று சொல்லுவோம். முத்துக்குளிப்பு நடந்த காலத்துக் கதை. அப்போதெல்லாம் குளியாள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கல்லோடு அடியில் இறங்குவான். கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்வான். அப்படிப் பிடிப்பவன் குளியாளின் மனைவியுடைய தம்பியாகவோ அண்ணனாகவோ இருக்க வேண்டும் என்பது வழக்கமாம். கயிற்றை விட்டால் தாலி அறுவது அவனுடைய கூடப்பிறந்தவளுக்கு. அதனால் விடமாட்டான். சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேடையின் தரைதான் கடலடி. மேலே ஒரு பெஞ்சு, அதுதான் வள்ளம். சார் இடுப்பில் கயிற்றோடு தரையில் நிற்பார். பெஞ்சில் மச்சானாக நடிக்கும் மாணவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு அவன் கையைத் தாண்டி, பக்கத் திரைக்குப் பின்னால் என்னிடம் வந்து முடியும். அது தொய்ந்துவிடாமல் பார்ப்பது என் வேலை. கடலடியில் நின்றபடி, மேலே இருக்கும் மச்சானோடு சார் தனியாகப் பேசுவார். மேலே கேட்காத பேச்சு. அந்தப் பேச்சுதான் நாடகம். முடிந்ததும் அவர் கயிற்றை இழுப்பார், மச்சான் அவரை மேலே தூக்குவான்.

கயிறு எப்படியும் என் கைக்கு வருவதால் இந்த நாடகத்தில் காது மடல் வேண்டாம் என்றார் சார். மெல்ல ஒரு இழுப்பு இழுத்தால் சொல் கொடு என்றார். இதைக் கேள்விப்பட்ட மாணவர்கள் என்னை "மச்சான் அண்ணாச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாரின் மனைவி மெர்சி டீச்சர் ஒருநாள் ஒத்திகைக்கு வந்து, "எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லேன்னு குறையா இருந்துச்சு. கயித்தைப் புடிச்சு ஒருத்தன் வந்துட்டான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

சார் ஓய்வு பெற்ற வருடம் கடைசியாக ஒரு தடவை குளியாள் நாடகம் போடுவது என்று முடிவானது. அந்த ஒத்திகையில்தான் எனக்குக் குழப்பம் தொடங்கியது. என் விரல் பிரதியில் ஒரு வரியில் இருக்கும். அவர் பிரதியில் இல்லாத ஒன்றைச் சொல்லுவார். பிறகு எங்கோ போய்ச் சேர்ந்துகொள்வார். சில நாள் பாதியை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய்விடுவார். ஆனால் கேட்க நன்றாக இருக்கும். மச்சானாக நடித்த இசக்கிக்கு ஒரே சந்தோஷம்.

"சாரு இன்னைக்கி வேற மாதிரி பேசுதாரு அண்ணாச்சி. பழசை விட இது நல்லா இருக்கு."

"அவரு எங்கன விட்டு எங்கன எடுக்காருன்னு உனக்குத் தெரியுதா?"

"எனக்கென்ன. நான் கயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

சார் ஒரு தடவைகூடக் கயிற்றை இழுக்கவில்லை. மறந்திருந்தால் இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு மெர்சி டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். வெளியே வேப்பமரத்தடிக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

"தம்பி, அவுகளுக்கு இப்பம்லாம் வார்த்தை வர மாட்டேங்கு. நேத்துச் சாப்பிடும்போது உப்பு கேக்கணும். உப்புங்கற பேரு வரல. கையக் கையக் காட்டுதாக. சுத்தி உப்பளமா கெடக்க இந்த ஊருல இருந்துக்கிட்டு உப்புக்குப் பேரு வரலேன்னா பாத்துக்க."

"டாக்டரைப் பாத்தீயளா?"

"நாடகம் முடியட்டும்ங்காக. வேண்டாம்னு நான் சொன்னா கேப்பாகளா? படிச்ச பிள்ளையெல்லாம் வெளியூர்லருந்து வருது. அத்தனை பேரு முன்னால வார்த்தை வராம நின்னுட்டாகன்னா, அதுக்குப் பெறகு அவுக எந்திரிக்க மாட்டாக. நீதான் பாத்துக்கணும்."

"சார் கேக்காம குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக அக்கா."

"அது அவுக சொன்னது. நான் சொல்லுதது இது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை ஒத்திகைக்குப் பிறகு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் சார் வந்தார்.

"மெர்சி வந்தாளோ?"

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

"வந்திருப்பா. என்ன சொன்னாலும் தலையாட்டிக்க. ஆனா நம்ம ஏற்பாடு அப்படியேதான். நான் இழுக்காம நீ குடுத்தேன்னு வையி, சபைக்குத் தெரியுதோ இல்லியோ, எனக்குத் தெரியும்."

நாடகத்தன்று அரங்கம் நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள், பங்குச் சாமியார், கடற்கரைத் தெரு உறவுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சாரின் பெரியப்பா மகன், சங்கு குளித்துப் பழகியவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மெர்சி டீச்சர்.

சார் ஒரு பிசகும் இல்லாமல் ஆரம்பித்தார். "மச்சான், இங்கன வெளிச்சம் பச்சையா இருக்கு" என்ற முதல் வரியிலேயே அரங்கம் அடங்கிவிட்டது. என் விரல் வரிக்கு வரி அவரோடு போனது. ஒரு சொல் மாறவில்லை. ஒத்திகையில் நான் பார்த்தது எல்லாம் கனவோ என்று தோன்றியது. பேச்சு பாதி தாண்டியது. குளியாளுக்குச் சிப்பி எதுவும் கிடைக்கவில்லை. மேலே போக வேண்டும்.

"மேல வந்தா உங்கக்கா கேப்பா மச்சான், என்ன கொண்டாந்தீயன்னு" என்றார்.

அடுத்த வரி, "வெறுங்கையும் கனக்கும்னு சொல்லு."

அது வரவில்லை.

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கண் தேடவில்லை. முன்னால் கொஞ்ச தூரத்தில், தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. குதிகாலைப் பார்த்தேன். ஊன்றவில்லை. முகத்தில் கலவரம் இல்லை. அவர் சொல்லித்தந்தபடி பார்த்தால் இது வேண்டுமென்றே நிற்கிற நிற்பு. ஆனால் இந்த இடத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. கயிறு அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. 'வெறுங்கை' என்ற சொல் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருந்தது. இசக்கி பெஞ்சிலிருந்து என் பக்கம் பார்த்தான். மெர்சி டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் இருமினார்.

எனக்கு இன்னொரு எண்ணம் வந்தது. கயிறு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தால்? சொல்லை மறந்தவன் கயிற்றை இழுப்பான். இழுப்பதையே மறந்தவன் என்ன செய்வான்? அப்படி இருந்தால் நான் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது வராது.

அப்போது கயிறு லேசாக நடுங்கியது. இழுப்பு என்று சொல்ல முடியாது. அவர் மூச்சு விட்டதாக இருக்கலாம். நடுவில் பிடித்திருந்த இசக்கியின் கை நடுக்கமாகவும் இருக்கலாம். என் கையாகவும் இருக்கலாம்.

நான் சொல் கொடுக்கவில்லை. கயிற்றை என் பக்கம் இழுத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கயிறு இழுபட்டதும் இசக்கி காட்சி முடிந்துவிட்டதென்று நினைத்து எழுந்து, வழக்கம்போல அவரைத் தூக்கினான். சார் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தார். பிறகு கைகளை அகற்றி, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல மேலே வந்தார். பெஞ்சில் ஏறி இசக்கியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் திரையை இழுத்தேன். பேச்சில் பாதி சொல்லப்படவே இல்லை.

கைதட்டல் அடங்கவில்லை. பழைய மாணவர்கள் மேடைக்கு ஓடி வந்தார்கள். கடைசிப் பேச்சைச் சொல்லாமல் விட்டதுதான் சாரின் பெரிய சாதனை என்று ஒருவர் சொன்னார். சாரின் பெரியப்பா மகன் என் தோளில் தட்டி, "சரியான நேரத்துல தூக்கிட்டிய. அம்புட்டு நேரம் ஒருத்தன் அடியில நின்னா செத்துல்லா போவான்" என்றார். மெர்சி டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

எல்லாரும் போன பிறகு ஒப்பனை அறையில் சார் தனியாக இருந்தார். இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது. நான் முடிச்சை அவிழ்த்தேன்.

"நான் இழுக்கலியே சுயம்பு" என்றார்.

"லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு சார்."

"அசைஞ்சுதா?"

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் போலவே அவருக்கும் விளங்கவில்லை என்று தோன்றியது.

"அப்படின்னா நான்தான் இழுத்திருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை. அவர் மறந்துவிட்டார் என்றால், நான் அவரை அவமானத்திலிருந்து தூக்கினேன். மறக்கவில்லை என்றால், அவருடைய கடைசி மேடையில் அவர் செய்ய நினைத்த ஒன்றை நான் பாதியில் அறுத்துவிட்டேன். இரண்டில் எது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டாலும் அவருக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை.

நர்மதா மேடம் தொலைபேசியில் பேசிய அடுத்த ஞாயிறு சாரைப் பார்க்கப் போனேன். இப்போது அவர் அதிகம் பேசுவதில்லை. சில நாள் நன்றாக இருப்பார், சில நாள் பக்கத்தில் இருக்கிற பொருளின் பெயர் வராது. அன்று சாயங்காலம் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். மெர்சி டீச்சர் அடுக்களையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பேச வேறு எதுவும் இல்லாததால் மேடத்தின் கேள்வியைச் சொன்னேன்.

"நடிக்கிறவரு மறந்துட்டாருன்னு எப்படித் தெரியும்னு கேக்காவ சார்."

அவர் என் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மறுமுனையை என் கையில் வைத்தார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, "மச்சான், இங்கன வெளிச்சம் பச்சையா இருக்கு" என்றார்.

வரிக்கு வரி சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் மட்டும் இறங்கியிருந்தது. "மேல வந்தா உங்கக்கா கேப்பா மச்சான், என்ன கொண்டாந்தீயன்னு" என்றார். அங்கே நின்றார்.

கண் தேடவில்லை. தரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. எனக்கு வைத்திருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. மெர்சி டீச்சர் கரண்டியோடு அடுக்களை வாசற்படிக்கு வந்து, எங்கள் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். சொல் கொடு என்று கண்ணால் சொன்னார். நான் கொடுக்கவில்லை. டீச்சர் அங்கேயே நின்றார். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைகிற வாடை வந்தது. அவர் போகவில்லை. இவ்வளவு நேரம் எந்தச் சபையும் பொறுத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இனி வராது என்றும் நினைத்தேன்.

"வெறுங்கையும் கனக்கும்னு சொல்லு" என்றார் சார்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. அன்றைக்கு மேடையில் சொல்லாமல் போன அத்தனையையும் சொன்னார். இரண்டு வரி பிரதியில் இல்லாதது. அவை முன்பே அவர் நெஞ்சில் இருந்தவையா, அப்போது வந்தவையா, எனக்குத் தெரியாது. அன்று நான் பொறுத்திருந்தால் இதேபோல் வந்திருக்குமா என்பதும் தெரியாது. மேடம் என்னை மன்னிக்க வேண்டும். இதற்கு மேல் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி வரி முடிந்ததும் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பம் இழுலே" என்றார்.

துண்டு என் கையில் வெடுக்கென்று இழுபட்டது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் இழுத்தேன்.